ஓர் எச்சரிக்கை, பல கருவிகள்: எப்படி?

புயல் எச்சரிக்கையை வானொலிக்கும் கைப்பேசிக்கும் சைரனுக்கும் தனித்தனியே எழுதி அனுப்பினால் நேரம் வீணாகும்; தகவலும் முரண்படும். இதைத் தீர்க்க 2001இல் வல்லுநர்கள் ‘கேப்’ எனும் பொது எச்சரிக்கை நெறிமுறையை உருவாக்கத் தொடங்கினர். 2004இல் ஓயாசிஸ் எனும் தர நிர்ணய அமைப்பும், 2007இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அதைத் தரமாக ஏற்றன.

‘கேப்’ செய்தி என்பது கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு. ‘அபாயம்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கருவியால் எடைபோட முடியாது. ஆகவே அவசரம், தீவிரம், உறுதிப்பாடு மூன்றும் தனித்தனிப் புலங்கள். மூன்று நாளில் வரக்கூடிய பெரும்புயல் தீவிரமானது, ஆனால் உடனடியானதல்ல. அதற்கு நள்ளிரவில் சைரன் ஒலிக்க வேண்டியதில்லை. வல்லுநர்களின் கெட்டிக்காரத்தனம் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

ஆபத்துப் பகுதியை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளால் பலகோணமாகக் குறிப்பார்கள். அதற்குள் அடங்கும் கைப்பேசிக் கோபுரங்கள் ‘செல் பிராட்காஸ்ட்’ முறையில் ஒலிபரப்பும். யாருடைய எண்ணும் தேவையில்லை, நெரிசலிலும் எஸ்எம்எஸ் போலத் தேங்காது. ஒரே கோப்பில் பல மொழிகள் இடம்பெறலாம். செய்தியின் அடையாள எண்ணைச் சுட்டிப் பின்னர் திருத்தவோ, ரத்து செய்யவோ முடியும். இந்தியாவில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய ‘சசேத்’ அமைப்பு இந்தத் தரத்திலேயே இயங்குகிறது.