சிவப்பு கார் கறுப்பானது எப்படி? நள்ளிரவில் 3 மணி நேரம் தவித்த பேர்லேண்ட்ஸ் குடும்பம்!

சேலம் பேர்லேண்ட்சில் ஒரு குறுக்குத் தெரு. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி இருக்கும். தெருவே அமைதியாகக் கிடந்தது. ஒரே ஒரு வீட்டில் இருந்து மட்டும் "கரக், கரக்" என்று சத்தம்.

எட்டிப் பார்த்தோம். போர்டிகோவில் ஒரு சின்ன கார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு வாலிபர் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் உப்புத்தாள். பக்கத்தில் வாளித் தண்ணீர். காரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு கதவு கறுப்பு. இன்னொரு கதவு பாதி சிவப்பு. பானெட்டில் தேமல் போலத் திட்டுத் திட்டாகப் பட்டி.

"விபத்தா தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லீங்க சார். நான் வாங்கினப்ப இது கறுப்பு. பிறந்தப்ப சிவப்பு. இப்ப மறுபடியும் சிவப்பாக்கறேன்" என்றார்.

கேட்கக் கேட்க, இது வெறும் பெயிண்ட் கதை அல்ல என்று தெரிந்தது.

கோவையில் பிறந்த குட்டிப் புலி!

பார்க்க சாதாரண டியாகோ கார்தான். ஆனால் பின்னால் ஜே.டி.பி. என்று மூன்று எழுத்து. விஷயம் தெரிந்தவர்கள் அந்த எழுத்தைப் பார்த்தால் நின்று பார்ப்பார்கள். டாட்டா கம்பெனியும், கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் கூட்டு சேர்ந்து செய்த வண்டி அது. ஜெயம் நிறுவனத்தின் ஜெ.ஆனந்த், கார் பந்தயத்தில் தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர்.

2018-ம் வருடம் அக்டோபர் மாதம் விற்பனைக்கு வந்தது. ஷோரூம் விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். சாதாரண டியாகோ பெட்ரோல் காருக்கு அப்போது 85 குதிரை சக்தி. இதற்கு 114. காரணம் டர்போ! நின்ற இடத்தில் இருந்து 10 வினாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று கம்பெனி சொன்னது. சிவப்பு, வெள்ளை என்று இரண்டே நிறம். கூரை மட்டும் கறுப்பு. பானெட்டில் காற்று போக மூக்குத் துவாரம் மாதிரி வைத்திருப்பார்கள்.

ஆனால் ஆயுசு குறைவு. 2020-ம் வருடத்தோடு இந்த வண்டிக்கு மூடுவிழா நடந்துவிட்டது. அதனால்தான் பழைய வண்டி எங்காவது விலைக்கு வந்தால் கார் பித்துப் பிடித்தவர்கள் ஓடுகிறார்கள்.

நமது வாலிபரும் ஓடினார். வயது 27. தனியார் கம்பெனியில் கணக்கர் வேலை. இரண்டு வருடம் சேர்த்த பணம். வெளியூர் புரோக்கர் ஒருவர் மூலம் வாங்கினார். கார் பளபளவென்று கறுப்பாக இருந்தது. "ஸ்பெஷல் கலர் தம்பி, யாருகிட்டயும் இல்லை" என்று புரோக்கர் ஒரு போடு போட்டார். ஆர்.சி.யில் பெயர் மாறியது. நிறம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? இவரும் பார்க்கவில்லை.

இரவு 11 மணி!

ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். இரவு 11 மணி. வழியில் வாகன சோதனை. போலீசார் கையைக் காட்டினார்கள்.

லைசென்ஸ் இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்த போலீஸ்காரர் காரைப் பார்த்தார். மறுபடி ஆர்.சி.யைப் பார்த்தார். "இதுல சிவப்புன்னு போட்டிருக்கு. வண்டி கறுப்பா நிக்குது. இறங்குங்க" என்றார்.

அவ்வளவுதான். டார்ச் அடித்து சேசிஸ் நம்பரைத் தேடினார்கள். என்ஜின் நம்பரைத் தேடினார்கள். பழைய சொந்தக்காரருக்குப் போன். அவர் எடுக்கவில்லை. புரோக்கருக்குப் போன். சுவிட்ச் ஆப்! கடைசியில் நம்பர்கள் ஒத்துப்போய், பழைய சொந்தக்காரரும் பேசி, போகச் சொல்லும்போது மணி 2.

"போலீஸ் மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அவங்க மரியாதையாத்தான் பேசுனாங்க. ஆனா அம்மா பட்டுச்சேலையோட ரோட்டோரக் கல்லுல 3 மணி நேரம் உக்காந்திருந்தாங்க. போறவன் வர்றவன் எல்லாம் பார்த்துட்டுப் போனான். அதுதான் சார் இன்னும் ஆறலை" என்றார் அந்த வாலிபர்.

போலீசார் செய்ததில் தவறு சொல்ல முடியாது. திருட்டு வண்டி வழக்குகளை எழுதுகிற நமக்குத் தெரியும். திருடியவன் முதலில் நம்பர் பிளேட்டைக் கழற்றுவான். அடுத்து பெயிண்ட் அடிப்பான். சந்தேகம் வரத்தான் செய்யும்.

அப்பா சொன்ன டர்போ பாடம்

வாலிபரின் அப்பா வெளியே வந்தார். நாமக்கல் லாரியில் பல வருடம் வடக்கே ஓட்டியவர். "டர்போ டர்போன்னு இவன் குதிக்கிறான். நாங்க பார்க்காத டர்போவா? லாரிக்குப் பின்னாடி பெரிசா எழுதிட்டு ஓட்டுனோமே" என்று சிரித்தார்.

டர்போ என்றால் என்ன என்று பஸ்சில் போகிற வாசகருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? கொல்லன் உலையில் துருத்தி ஊதினால் நெருப்பு சீறுகிறது. அதே கதைதான். என்ஜினுக்குள் அதிகக் காற்றை அமுக்கி ஊதினால், அதிகப் பெட்ரோல் எரிந்து அதிக சக்தி வரும். துருத்தியை ஊத ஆள் யார்? என்ஜின் வெளியே தள்ளும் புகைதான்! வீணாகப் போகும் புகை ஒரு சின்ன சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் மறுபக்கம் இருக்கும் சக்கரம் காற்றை உள்ளே அமுக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் சக்கரம் அது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் கம்ப்ரசரைப் பார்த்தவர்களுக்கு இது லேசில் புரியும்.

இதைக் கண்டுபிடித்து 1905-ல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பூச்சி. காரில் வந்தது 1962-ல், அமெரிக்காவில். 1970-களில் ஜெர்மனியின் போர்ஷே 911 டர்போ வந்த பிறகுதான் உலகத்து வாலிபர்களுக்குப் பைத்தியம் பிடித்தது.

"வேகமா ஓட்டிட்டு வந்து சடக்குனு சாவியைத் திருப்பக் கூடாது. கொஞ்ச நேரம் ஓட விடணும். இல்லைன்னா உள்ளே ஆயில் கருகும், டர்போ போயிரும். இதைத்தான் இவனுக்கு தினமும் சொல்றேன்" என்றார் அப்பா. மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

சோழவரமும் கோவையும்

காரைப் பிரித்து மாற்றிக் கட்டுவது நம் ஊருக்குப் புதிது அல்ல. சென்னை அருகே சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அங்கே நடந்த பந்தயங்களில் அம்பாசடரும் பியட்டும் ஹெரால்டும்கூட ஓடின. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற அதே கார்கள்! மெக்கானிக்குகள் என்ஜினைப் பிரித்து, எடையைக் குறைத்து, சைலன்சரை மாற்றிப் பறக்க விட்டார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் வந்தது.

கோவையில் கரிவரதன் என்ற மில் அதிபர் இருந்தார். மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரையே கட்டினார். பார்முலா மாருதி என்று பெயர். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ஓட்டிய பந்தயத்தை மற்றவர்களுக்கும் திறந்துவிட்ட வண்டி அது. பின்னாளில், 2005-ல், பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் பார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் பலியானார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் மாற்றிய வண்டி எல்லாம் ஓடியது பந்தயத் தளத்தில். ஏற்காடு மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் அல்ல. இங்கேதான் நம் பையன்களில் சிலர் கோட்டை விடுகிறார்கள்.

லேப்டாப்பை சொருகினால் 20 குதிரை?

நமது வாலிபரிடமும் ஒருவர் வந்து ஆசை காட்டினாராம். "ஒரு லேப்டாப்பை சொருகினா போதும். என்ஜின் கம்ப்யூட்டரை மாத்தி எழுதிடலாம். 20 குதிரை கூடும். சைலன்சரையும் மாத்திட்டா தெருவே திரும்பிப் பார்க்கும்" என்று.

தெரு திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் சட்டம் திரும்பிப் பார்க்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில், 2019-ம் வருடம் ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் தீர்ப்பு கூறினர். அதே வருடம் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! காது கிழியும் சைலன்சருக்குத் தனிக் கணக்கு. அதற்கு 10 ஆயிரம் ரூபாய் வரை போகும். லைசென்சும் 3 மாதம் செல்லாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. என்ஜினை மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டு, நாளைக்கு விபத்து என்று போய் நின்றால், பணம் தர வழக்கு பேசுவார்கள்.

ஜே.டி.பி. காருக்கு மட்டும் எப்படி அனுமதி என்று கேட்கலாம். அது கம்பெனியே மாற்றி, அரசாங்கப் பரிசோதனையில் தேறி, அந்த விவரத்தோடு ஆர்.சி. வாங்கிய வண்டி. தெருவோரத்தில் மாற்றியது அல்ல.

பெயிண்ட் விஷயம் இவ்வளவு கடுமை இல்லை. நிறத்தை மாற்றலாம். ஆனால் வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் மனு கொடுத்து, ஆர்.சி.யில் புது நிறத்தை ஏற்ற வேண்டும். மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கார் மேல் கடன் இருந்தால் பைனான்ஸ்காரர் சம்மதமும் வேண்டும். ஒரு நிறத்துக்கு மட்டும் அனுமதியே கிடையாது. ராணுவப் பச்சை! அது ராணுவ வண்டிக்கு மட்டும்தான்.

"பட்டி மேல தண்ணி விடாதே!"

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயிண்டர் அண்ணன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகியவர். ஸ்பிரே அடிப்பது அவர் பட்டறையில். தேய்க்கிற வேலையை மட்டும் வாலிபர் ஞாயிறு தோறும் வீட்டில் வைத்துச் செய்கிறார். பணமும் மிச்சம், ஆசையும் தீரும்.

வந்தவுடன் திட்டு விழுந்தது. "பட்டி மேல தண்ணி விடாதேன்னு சொன்னேன்ல தம்பி! அது பஞ்சு மாதிரி உறிஞ்சும். மேல பெயிண்ட் அடிச்சா ஆறு மாசத்துல கொப்புளம் கொப்புளமாக் கிளம்பும். உள்ளே துரு பிடிக்கும். பட்டியைக் காஞ்ச தாள்ல தேய். பிரைமர் அடிச்சப்புறம் தண்ணி விட்டுக்க."

"சரிங்கண்ணா" என்று வாளியைத் தள்ளி வைத்தார் வாலிபர்.

பெயிண்டர் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு மெல்லிய துணியை விரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கதவைத் தடவினார். வெறும் கையை விட துணி மேல் வைத்த கைக்குப் பள்ளம் மேடு நன்றாகத் தெரியுமாம். இரண்டு இடத்தில் விரல் நின்றது. சாக்பீசால் வட்டம் போட்டார். நாமும் தடவிப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை.

தாளிலும் வரிசை உண்டு. பட்டிக்கு 80-ம் நம்பர். பிறகு 180, 320. பிரைமருக்கு மேல் 800. நடுவில் ஒரு தந்திரம். பிரைமர் மேல் கறுப்பு பெயிண்டைத் தூறல் போல லேசாகத் தூவிவிட்டுத் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும். எங்கே புள்ளி மிச்சம் நிற்கிறதோ, அங்கே பள்ளம்.

"சிவப்புதான் இருக்கறதுலயே தொல்லை பிடிச்ச கலரு" என்றார் பெயிண்டர். "அடியில இருக்கறதை மறைக்காது. ஒரு கோட்டு அடிச்சா கறுப்பு எட்டிப் பார்க்கும். அடியில ஒரே மாதிரி பிரைமர் இருக்கணும். மூணு, நாலு கோட்டு போகணும். அதுக்கு மேல கிளியர். வண்டியில ஒட்டியிருக்கிற கலர் நம்பரைப் பார்த்து மிக்ஸ் பண்ணினாலும், வெயில்ல நின்ன பழைய சிவப்பு வேற, புதுச் சிவப்பு வேற."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினார். பல வருடம் மூக்கில் கைக்குட்டை மட்டும் கட்டி ஸ்பிரே அடித்தவர். கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகை நெஞ்சில் ஏறினால் ஆஸ்துமா வரும். கைக்குட்டை அதைத் தடுக்காது. இப்போது வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கியிருக்கிறார். வாங்கிக் கொடுத்தது இந்த வாலிபர்தான்.

"நீலம் அடிக்கத்தான் சார் ஆசை. மனு கொடுத்தா மாத்திக்கலாம்னு தெரியும். ஆனா அம்மா, 'சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதையே அடிடா, மறுபடி கல்லுல உக்கார என்னால ஆகாது'ன்னுட்டாங்க" என்றார் வாலிபர்.

உள்ளே இருந்து அம்மா மூன்று டம்ளர் காபி கொண்டு வந்தார். நம்மைப் பார்த்து, "பேப்பர்ல எங்க பேரைப் போட்டுடாதீங்க தம்பி" என்றார். போடவில்லை.

ஏற்காடு மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வருது, பிரைமர் அடிச்ச இடம் நனையக் கூடாது, படுதாவை எடு" என்று பெயிண்டர் சத்தம் போட்டார். அப்பா ஒரு முனை, மகன் ஒரு முனை பிடித்து, பழைய லாரிப் படுதாவைக் காரின் மேல் இழுத்து மூடினார்கள்.