வீட்டினுள் பயிர் விளக்குகள்: மின் அபாயமும் அதனைத் தடுக்கும் வழிகளும்

தாம்பிரபரணிப் பாசனத்தில் வேளாண்மை நடத்துவோருக்கு நீரின் குணம் புதிதன்று. எந்தக் கால் எவ்வளவு நீர் தாங்கும், மடையை எவ்வளவு திறக்கலாம், கரையில் நண்டு வளை எங்கே இருக்கக்கூடும் என்பனவற்றை நதியுண்ணிக் காலிலும் கன்னடியன் காலிலும் பாசனம் பெறுவோர் தலைமுறை தலைமுறையாக அறிவர். அதே ஆற்றின் நீர் பாபநாசத்தில் உயரத்தினின்று இறங்கி இயந்திரங்களைச் சுழற்ற, 1944-ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகி வருகிறது. பைக்காரா 1932-லும், மேட்டூர் 1937-லும் தொடங்கிய பின்னர் இம்மாகாணத்திற்குக் கிடைத்த பெரிய நீர்மின் நிலையம் இதுவாகும். ஆயினும் நீருக்கும் மின்சாரத்திற்கும் முக்கியமானதொரு வேற்றுமை உண்டு. கரை உடையுமுன் கசிவு கண்ணுக்குத் தெரியும். மின்கம்பி தீய்வதற்கு முன்னரும், இரும்புச் சட்டத்தில் மின்சாரம் ஏறி நிற்கும்போதும் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வீட்டினுள் அதிக வாட் விளக்குகளை வைத்துப் பயிர் வளர்க்க விரும்புவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவே.

விளக்கு எதற்கு வேண்டும், எதற்கு வேண்டா

1937-இல் நிறுவப்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தினின்று வந்த அம்பை 16 முதலிய நெல் ரகங்களுக்குச் சூரியனே போதும். கார், பிசானம் ஆகிய இரு போகங்களிலும் நம் வயல்களுக்கு வேறு விளக்கு தேவையில்லை. ஆனால், திசு வளர்ப்பு முறையில் வாழைக் கன்று உண்டாக்கும் அறைகளிலும், வெயில் புகாத அறையில் காய்கறி நாற்று, கீரைக் குருத்து, ஆர்க்கிட் முதலியன வளர்க்குமிடத்தும் செயற்கை ஒளி அவசியமாகிறது. சாமந்தி போன்ற குறும்பகல் செடிகள் முன்னதாகப் பூத்துவிடாமல் தடுக்க, இரவில் சில மணி நேரம் விளக்கெரிப்பதும் உலகெங்கும் அறிந்த முறையே.

இதற்கு 400 வாட் முதல் 1,000 வாட் வரையுள்ள சோடிய ஆவி விளக்குகளும், மெட்டல் ஹாலைடு விளக்குகளும், இக்காலத்தில் எல்.இ.டி. விளக்குகளும் பயன்படுகின்றன. வீட்டுக் கூடத்து விளக்கு மாலையில் சில மணி நேரமே எரியும். பயிர் விளக்கோ நாள்தோறும் 12 முதல் 16 மணி நேரம் வரை இடைவிடாது எரிவது. மேலும் அது ஈரமண்ணுக்கும் நீர்த்தொட்டிக்கும் நேர் மேலே தொங்குவது. இடைவிடாத சுமை, ஈரம் ஆகிய இவ்விரண்டும் ஒன்றுசேர்வதாலேயே இவ்விளக்குகளுக்குத் தனிக் கவனம் வேண்டியிருக்கிறது.

சுமையைக் கணக்கிடும் முறை

வோல்ட் என்பது நீர் விழும் உயரத்தை ஒக்கும். ஆம்பியர் என்பது ஓடும் நீரின் அளவை ஒக்கும். கம்பியின் பருமன் வாய்க்காலின் அகலத்தை ஒக்கும். நம் வீடுகளில் வழங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 600 வாட் சோடிய விளக்குகள் இரண்டு எனக் கொள்வோம். அவற்றின் சோக்குகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதிகம் கொள்ளுமாகையால் மொத்தம் 1,320 வாட். வெப்பக்காற்றை வெளியேற்றும் மின்விசிறி 60 வாட். சிறு நீரிறைப்பான் 40 வாட். ஆகக் கூடுதல் 1,420 வாட். இதனை 230-ஆல் வகுக்க 6 ஆம்பியருக்குச் சற்று மேற்படும். சோக்குடன் கெபாசிட்டர் இணைக்கப்படாத பழைய அமைப்பாயின், விளக்குகள் இழுக்கும் ஆம்பியர் ஏறக்குறைய இரட்டித்துவிடும்.

சாதாரண விளக்குச் சுற்றும், 6 ஆம்பியர் பிளக்கும் இச்சுமைக்கு ஏற்றவையல்ல. கம்பியில் ஓடும் ஆம்பியர் இரட்டித்தால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. மின்விசிறிக்கெனப் போட்ட மெல்லிய கம்பியில் பயிர் விளக்கைக் கோப்பது, சிறு வாய்க்காலில் பெருங்காலின் நீரை விடுவதற்கு ஒப்பாகும். வாய்க்கால் அன்றே உடையும். கம்பியோ சில மாதம் பொறுத்து, மேலுறை இளகி, ஒருநாள் நள்ளிரவில் தீப்பற்றும்.

ஆகையால் மெயின் போர்டிலிருந்தே பயிர் விளக்குகளுக்கெனத் தனிச் சுற்று ஒன்று இழுத்தல் வேண்டும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பியும், தூரம் அதிகமாயின் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். நெடுநேரம் எரியும் சுமையை, சுற்றின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்குள் நிறுத்துவது விவேகம். 16 ஆம்பியர் சுற்றில் 13 ஆம்பியருக்கு மேல் ஏற்றலாகாது.

இணைப்புகளில் உண்டாகும் வெப்பம்

தீவிபத்துகள் பல, கம்பியின் நடுவிலன்றி இணைப்புகளிலேயே தொடங்குகின்றன. தளர்ந்த பிளக், முறுக்கி நாடா சுற்றிய ஒட்டு, இறுகாத திருகாணி ஆகிய இடங்களில் மின்சாரம் தடைப்பட்டு வெப்பம் மிகும். விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தபின் பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். சூடு தோன்றினாலும், பிளாஸ்டிக் பழுத்து நிறம் மாறியிருந்தாலும், மெயினை நிறுத்திவிட்டு அதனை மாற்றுதல் வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பியை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ளுதல் கூடாது. அதனைச் சுருளாகவே வைத்து உபயோகித்தால் வெப்பம் வெளியேற வழியின்றிச் சுருள் முழுவதும் உருகும்.

பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று

இவ்விஷயத்தில் பலர் தவறாக எண்ணுகின்றனர். பியூஸும், அதற்குப் பதிலாக இப்போது பொருத்தப்படும் எம்.சி.பி.யும், கம்பி அளவுக்கு மேற்பட்டுச் சூடாகாமல் காப்பவை. மனித உடலில் 50 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, சற்று நேரம் பாய்ந்தாலே இருதயம் நின்றுவிடக்கூடும். 6 ஆம்பியரிலும் 16 ஆம்பியரிலும் அறுபடும் கருவி இதனைச் சுமையாகவே கருதாது. மனிதன் துடித்துக்கொண்டிருக்க, எம்.சி.பி. தன் கடமையில் வழுவாது மின்சாரத்தை விட்டுக்கொண்டேயிருக்கும்.

மனிதனைக் காப்பது ஆர்.சி.டி. எனப்படும் மின்கசிவுத் தடுப்புக் கருவி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாயிருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது ஒருவர் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ, மண்ணுக்குப் போய்விட்டால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் சுற்றை அறுத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவியே வாங்கவேண்டும். அதன் முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் அவசியம். ஆனால், பேஸ் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் ஒருசேரத் தொடுபவனை இக்கருவியும் காக்காது. எனவே, இது இருக்கிறதென்ற துணிவில் திறந்த கம்பியைக் கையாளலாகாது.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் போடுவதும், ஆர்.சி.டி. அடிக்கடி விழுகிறதென்று அதனை விலக்கி நேரே இணைப்பதும், கரையில் கசிவு கண்டு சொன்ன காவற்காரனை வேலையினின்று நீக்குவதற்கு ஒப்பாகும்.

எர்த் அமைத்தல்

விளக்கின் உலோகக் கூடு, சோக்குப் பெட்டி, விளக்குத் தொங்கும் இரும்புச் சட்டம் ஆகிய அனைத்தும் எர்த் கம்பியுடன் இணைந்திருத்தல் வேண்டும். எல்.இ.டி. விளக்கின் உலோக உடலுக்கும் இது பொருந்தும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனையாக்கிச் செருகும் வழக்கம் உயிருக்கு உலைவைப்பது.

எர்த் குழி தோண்டுவோர், 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு நிரப்புவர். மலையடிவாரத்துப் பாறை கலந்த நிலத்தில் கோடையில் மண் வறண்டு, எர்த்தின் பயன் குன்றும். ஆகையால் சித்திரை, வைகாசி மாதங்களில் குழியில் வாரந்தோறும் நீர் ஊற்றி வரவேண்டும். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ இணைத்தல் மிகவும் அபாயகரமானது.

ஈரமும் வெப்பமும்

சோக்கு, பிளக், டைமர் ஆகியவற்றைத் தரையில் வையாது, நீர் தெறிக்காத உயரத்தில் சுவரில் அமைத்தல் வேண்டும். விளக்கிலிருந்து வரும் கம்பியைப் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நீர் ஊற்றுமுன் விளக்கை நிறுத்துவதும், ஈரக்கையோடும் வெறுங்காலோடும் சுவிட்சைத் தொடாமையும் வீட்டார் அனைவரும் கைக்கொள்ளவேண்டிய பழக்கங்கள். சுவிட்ச், பேஸ் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். நியூட்ரலில் இருப்பின் விளக்கு அணைந்த பின்னும் உள்ளே மின்சாரம் நிற்கும்.

சோடிய விளக்கின் வெப்பம் கடுமையானது. ஓலைக்கூரை, வைக்கோல், சாக்கு, திரைச்சீலை ஆகியவற்றின் அருகில் அதனைத் தொங்கவிடலாகாது. கயிற்றில் கட்டாமல் இரும்புச் சங்கிலியிலேயே தொங்கவிட வேண்டும். சோக்கை மரப்பலகையில் வையாது செங்கல் மேல் வைக்கவும். மெட்டல் ஹாலைடு விளக்கின் வெளிக்கண்ணாடி உடைந்திருந்தால் அதினின்று வரும் புறஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் தாக்கும், உடனே அகற்றுக. கெபாசிட்டர், மெயினை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்குமாகையால் சோக்குப் பெட்டியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. விலை மலிந்த டைமர்கள் சோக்கு விளக்கின் தொடக்க வேகத்தைத் தாங்கமாட்டா. அவற்றின் முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே நிற்கும். டைமருக்கும் விளக்குக்கும் இடையே கான்டாக்டர் ஒன்று அமைப்பதே முறை.

கட்டணமும் சட்டமும்

மேற்சொன்ன 1,420 வாட் அமைப்பு நாளொன்றுக்கு 14 மணி நேரம் இயங்கினால் ஏறக்குறைய 20 யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் 1,190 யூனிட்டுக்கு மேற்படும். நம் மாநிலத்தில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்திற்கொருமுறை எடுக்கப்படுவதும், 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு விகிதங்கள் மாறிக் கூடுவதும் யாவரும் அறிந்ததே. நல்ல எல்.இ.டி. விளக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்திலேயே அதே ஒளியைத் தருமாகையால், முதலில் விலை அதிகமாயினும் முடிவில் லாபமே. வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட கிலோவாட் அளவுக்கு மேல் சுமை ஏறுமானால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூடுதல் சுமை பெறவேண்டும்.

கிணற்றுப் பம்புசெட்டுக்கெனக் கட்டணமின்றி வழங்கப்படும் விவசாய இணைப்பிலிருந்து வீட்டுக்கோ விளக்கு அறைக்கோ கம்பி இழுத்தல் சட்டவிரோதம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, அனுமதித்த காரியத்திற்கன்றி மின்சாரம் உபயோகித்தவரிடம் இருமடங்கு விகிதத்தில் தொகை விதிக்க இடமளிக்கிறது. பணநஷ்டத்தினும் பெரிது உயிர் நஷ்டம். வரப்பின்மேலும் மரக்கிளையிலும் இழுத்துச் செல்லும் அக்கம்பி அறுந்து வீழ்ந்தால், முதலில் மிதிப்பவர் அதிகாலையில் மடை திறக்கப் போகும் உழவரோ, மேய்ச்சலுக்குப் போகும் மாடோ ஆவர். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியாரும் இத்தகைய கம்பிகளைக் கண்டால் உரியவரிடம் எடுத்துச் சொல்லியும், கேளாவிடில் பிரிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தும் ஊரைக் காத்தல் கடமை. மின்சாரப் புகார்களுக்கு மின்னகத்தின் எண் 94987 94987.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துக. இயலாவிடில் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மூங்கிற் கழியால் கம்பியை விலக்குக. ஈரக்கழி கூடாது. 108-க்குச் செய்தி அனுப்புக. மூச்சும் அசைவும் இல்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் அமிழுமாறு, நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். பழகியவர், 30 அழுத்தத்திற்கு இரண்டு முறை வாய்வழியே மூச்சு ஊதலாம். வண்டி வரும் வரை கைவிடலாகாது. மின்தீயில் நீர் ஊற்றுவது கூடாது. மெயினை நிறுத்தி உலர்ந்த மணலையோ உலர்தூள் அணைப்பானையோ உபயோகிக்கவும். தீயணைப்பு நிலையத்தின் எண் 101.

ஐப்பசிக்கு முன் செய்யவேண்டுவன

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளைக் கொண்டு பின்வருவனவற்றைப் பார்த்துக்கொள்க:

1. பயிர் விளக்குகளுக்குத் தனிச் சுற்றும் உரிய எம்.சி.பி.யும் உண்டா?
2. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பொத்தானை அழுத்தியதும் விழுகிறதா?
3. எர்த் கம்பி குழிமுதல் விளக்குக் கூடுவரை அறாமல் இருக்கிறதா?
4. திருகாணிகளும் பிளக்குகளும் இறுக்கமாயுள்ளனவா?
5. சுவரிலும் கூரையிலும் ஒழுக்கு இல்லையா?
6. மெயின் சுவிட்ச் எங்குள்ளதென்பது வீட்டிலுள்ள பெண்டிர், பிள்ளைகள், பணியாளர் அனைவருக்கும் தெரியுமா?

இவற்றுக்காகும் செலவு ஒரு விளக்கின் விலையை ஒட்டியதே. விளக்கு வாங்கிய பின் மீதிப் பணத்தில் காவல் தேடுவது முறையன்று. தனிச் சுற்றையும் எர்த்தையும் ஆர்.சி.டி.யையும் முதலில் அமைத்து, அதன் பின்னரே விளக்கை வாங்குவது நலம்.