ஓடு சுமக்கும் உயிர்கள் – 7: முட்டையிட மண் வேண்டும்

1854-ல் கிரிமியப் போரின்போது செவஸ்தபோல் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ‘எச்.எம்.எஸ். குயின்’ ஒன்று. அதில் மாலுமிகளின் செல்லமாக ஓர் ஆமை இருந்தது. பெயர் திமோத்தி. கப்பல் வாழ்க்கை முடிந்து, இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பவுடர்ஹாம் கோட்டைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த திமோத்திக்கு 1926-ல் ஜோடி சேர்க்க நினைத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, திமோத்தி பெண்! ஏறத்தாழ 160 வயதில், 2004-ல் இறக்கும்வரை அந்த ஆண் பெயரே நிலைத்துவிட்டது.

அதற்கு முன்பே இன்னொரு திமோத்தி உண்டு. ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ எழுதிய கில்பர்ட் ஒயிட், தன் அத்தை வளர்த்த ஆமையை 1780-ல் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது எப்போது தூங்கியது, எப்போது விழித்தது, எதைத் தின்றது என்று பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். அதுவும் பெண்தான் என்பது ஒயிட் காலமான பின்னரே தெரியவந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இயற்கையியலாளர் வீட்டிலேயே இப்படியென்றால், சாதாரண வீடுகளில் வளரும் பெண் ஆமைகளின் கதியை யோசித்துப் பாருங்கள். தன்னந்தனியாக வளரும் ஆமை முட்டையிடும் என்று பலர் எதிர்பார்ப்பதே இல்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவது போல, ஆணைக் கண்ணால் பார்க்காத பெண் ஆமையும் முட்டை உருவாக்கும். குஞ்சு பொரிக்காதே தவிர, அந்த முட்டை வெளியே வந்தே ஆக வேண்டும். வராமல் உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முட்டை ஏன் தங்குகிறது? காரணங்கள் பல. அவற்றில் மனிதர்கள் எளிதில் சரிசெய்யக்கூடியது, அதிகம் மறந்துபோவது, மண்.

முட்டையிடும் வேளை வந்த நட்சத்திர ஆமை முதலில் இடம் தேடி அலையும். இடம் பிடித்துவிட்டால், சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்திருக்கும் நீரை விட்டு மண்ணை இளக்கும். பிறகு பின்னங்கால்களை மாற்றி மாற்றிப் போட்டுக் குழி பறிக்கும். முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, மண்ணைத் தள்ளி மூடி, அடியோட்டால் அழுத்திச் சமன் செய்யும். இத்தனை வேலையும் பின்பக்கமாகவே நடக்கும். குழிக்குள் என்ன இருக்கிறது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை.

டைல்ஸ் தரையில் இதில் எதுவும் நடக்காது. பிளாஸ்டிக் தொட்டியிலும் நடக்காது.

பொருத்தமான மண் கிடைக்காவிட்டால் ஆமை முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும். வாரங்கள் போகப் போக முட்டை ஓட்டின் மேல் மேலும் சுண்ணாம்பு படியும். ஓடு தடிக்கும், சொரசொரப்பாகும். நல்ல மண் கிடைக்கும்போதுகூட, அந்த முட்டை வெளிவருவது கடினமாகியிருக்கும். தண்ணீர் சரியாகக் குடிக்காத ஆமைக்கு மண்ணை நனைக்கவும் நீர் இருக்காது.

அடுத்தது கால்சியம். முட்டை ஓட்டுக்கு மட்டுமல்ல, முட்டையைத் தள்ளும் தசை சுருங்குவதற்கும் அதுதான் வேண்டும். வெள்ளரிக்காயும் தக்காளியும் மட்டுமே தின்று வளரும் ஆமைக்கு அது போதாது. ஜன்னலோரம் வெயில் படுகிறதே என்று நினைப்பவர்கள் உண்டு. உடலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். குட்டியிலிருந்தே இந்தக் குறையோடு வளர்ந்த ஆமையின் இடுப்பெலும்பு கோணிப்போயிருந்தால், முட்டை வர வழியே இருக்காது.

முட்டையிடப்போகும் ஆமை சாப்பாட்டைக் குறைப்பதும், அமைதியில்லாமல் சுற்றுவதும், மூலைகளைக் கீறுவதும் இயல்புதான். ஆனால், சோர்ந்து கிடந்தாலோ, முக்கி முக்கியும் முட்டை வரவில்லை என்றாலோ, பின்னங்கால்கள் வலுவிழந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எக்ஸ்ரேயில் முட்டை தெரிவதாலேயே அது நோயாகிவிடாது. எத்தனை முட்டை, என்ன அளவு, ஏதேனும் உடைந்திருக்கிறதா, இடுப்பு வழியாக வருமா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். முதலில் கதகதப்பு, நீர்ச்சத்து, கால்சியம், தோண்டுவதற்கு மண். அதன் பிறகே ஆக்ஸிடோசின் ஊசி. பால் மாட்டுக்குப் போடுவதாகச் செய்திகளில் அடிபடுகிறதே, அதே மருந்துதான். பல்லி, பாம்புகளைவிட ஆமைகளிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால், வழி அடைபட்டிருக்கும்போது போட்டால் கருக்குழாய் கிழிந்துவிடும். முட்டை தடம் மாறிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதும் உண்டு.

மருந்து பலிக்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. அடியோட்டை ரம்பத்தால் சதுரமாக அறுத்துத் திறந்து, முட்டையை எடுத்து, ஓட்டைத் திரும்பப் பொருத்தி ஒட்டுவது பழைய வழி. ஓடு என்பது உயிருள்ள எலும்பு. அது கூடி வர மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கும் மேல் ஆகும். இப்போது பின்தொடைக்கு முன்னே இருக்கும் மெல்லிய தோல் வழியாகவே உள்ளே போகிறார்கள், ஆமையின் உடலமைப்பு இடம் கொடுத்தால்.

எக்ஸ்ரேயில் சிக்காத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சினைப்பையில் மஞ்சள் கருக்கள் திரண்டு வளரும். ஆனால் முட்டையாக மாறாமல் அப்படியே நின்றுவிடும். ஓடு உருவாகாததால் எக்ஸ்ரே காட்டாது, ஸ்கேன்தான் காட்டும். தனியாக வளர்க்கப்படும் பெண் ஆமைகளிடம் இதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கரு கசிந்து வயிற்றுக்குள் பரவினால் அழற்சி ஏற்பட்டு ஆமை இறந்துபோகலாம். பெரும்பாலும் சினைப்பையை அகற்றுவதுதான் தீர்வு.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019 முதல் சர்வதேச வணிகத்துக்கும் கடுமையான தடை இருக்கிறது. ஒளித்து வளர்ப்பவர் பிடிபடும் பயத்தில் மருத்துவரிடம் போகத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பது ஆமைதான். அப்படி ஓர் ஆமை உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

சட்டப்படி வளர்க்கக்கூடிய வெளிநாட்டு ஆமை வைத்திருப்பவர்கள், அது ஆணா பெண்ணா என்பதை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெண் என்றால், வெயில் படும் இடத்தில், ஓட்டின் நீளத்துக்குக் குறையாத ஆழத்தில், லேசான ஈரத்தோடு மணல் கலந்த மண்ணை நிரப்பி வையுங்கள். முட்டை தங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் உடலை அழுத்தாதீர்கள். விரலையோ கருவியையோ உள்ளே விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் காப்பாற்றுவது மிகவும் கடினம்.