சொடுக்கினால் எங்கே போகும்?

கம்ப்யூட்டரில் நெட் பார்க்கும்போது சில வார்த்தைகள் மட்டும் நீல நிறத்தில், அடியில் கோடு போட்டு இருக்குமே, கவனித்தீர்களா? அதைச் சொடுக்கினால் வேறு பக்கம் வந்து நிற்கும். அதுதான் இணைப்பு. இப்படி இணைப்பு வைத்த எழுத்துக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயர். 1960-களில் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த டெட் நெல்சன்.

நெல்சனின் ஆசை ரொம்பப் பெரிசு. இணைப்பு இரண்டு பக்கமும் போகணும், ஒருபோதும் அறுந்து போகக் கூடாது. பல வருஷம் உழைத்தும் அவர் நினைத்த மாதிரி உலகம் முழுக்க வரவில்லை.

ஜெனீவா பக்கத்தில் செர்ன் என்ற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ் லீ, 1989-ல் வேறு மாதிரி யோசித்தார். இணைப்பு ஒரு பக்கம் போனால் போதும். உன் பக்கத்துக்கு நான் இணைப்புப் போட உன்னிடம் கேட்கவே வேண்டாம். நீ பக்கத்தை எடுத்துவிட்டால் என் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தால் அறுந்துட்டுப் போகட்டும்! நமக்கு '404' என்று வருமே, அது இப்படித்தான். 1991-ல் அமெரிக்காவில் நடந்த ஹைப்பர்டெக்ஸ்ட் மாநாட்டில் அவர் கட்டுரையை ஏற்கவில்லை, செய்து காட்ட மட்டும் விட்டார்கள். (படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.) அதுதான் வேர்ல்டு வைட் வெப்! யாரையும் கேட்காமல் சேரலாம் என்பதாலும், 1993-ல் செர்ன் அதை இலவசமாகக் கொடுத்ததாலும் உலகம் பூரா பரவியது.

சரி, ஒரு ஹைப்பர்டெக்ஸ்ட் நல்லா இருக்கா என்று எப்படிப் பார்ப்பது? செய்தவங்களுக்கே தெரியாது. புதுசா ஒருத்தரிடம் ஒரு கேள்வி கொடுத்து விடை தேடச் சொல்லணும். நாம் வாயே திறக்கக் கூடாது. எங்கே வழி தப்புகிறார், திரும்பி வரத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கணும்.

நாங்கள் 12 அட்டைகளில் மரங்களைப் பற்றி எழுதி, '9 பார்', '4 பார்' என்று இணைப்புப் போட்டோம். ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தியிடம், "ஆண் பனையிலும் பதநீர் கிடைக்குமா?" என்று கேட்டோம். அவள் 3-லிருந்து 4, 4-லிருந்து 3 என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில், "அக்கா, ஆரம்பம் எது?" என்றாள். எங்களுக்கு வெட்கமாப் போச்சு. வெறும் நம்பரைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

'பதநீர் இறக்குவது: 9' என்று மாற்றினோம். எல்லா அட்டையிலும் 'முதல் அட்டைக்குப் போக' என்று எழுதினோம். அடுத்து வந்த பையன் மூணே அட்டையில் கண்டுபிடித்தான். (கிடைக்கும், பாளையைச் சீவித்தான் எடுப்பார்கள்.)

ஆனால் புளியமரம் அட்டைக்கு மட்டும் யாருமே போகவில்லை. அப்புறம்தான் பார்த்தோம், அதற்கு எந்த அட்டையிலிருந்தும் நாங்கள் இணைப்பே போடவில்லை!