புது டி.வி.க்கு பழைய ஆம்ப்ளிபயர் சேராதா? சில நூறு ரூபாயில் வேலை முடியும்!

மதுரை,

தீபாவளி, பொங்கல் தள்ளுபடியில் புது எல்.இ.டி. டி.வி. வாங்கி சுவரில் மாட்டியதும் பல வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது. படம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று தெரிகிறது. சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல கேட்கிறது.

டி.வி. மெலிந்து போனதுதான் காரணம். விரல் அகலத்துக்கு இருக்கும் டி.வி.க்குள் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் ஏது? கட்டைவிரல் நீளத்தில் 2 ஸ்பீக்கர் வைக்கிறார்கள். அதுவும் தரையை பார்த்தோ, சுவரை பார்த்தோ இருக்கும்.

"நம்ம வீட்லதான் பழைய ஹோம் தியேட்டர் இருக்கே, அதுல கொடுத்துக்கலாம்" என்று டி.வி.யை திருப்பி பார்த்தால் அங்கேதான் சிக்கல். சிவப்பு, வெள்ளை பின் சொருகுகிற ஓட்டையே இல்லை. இருந்தாலும் அது உள்ளே வாங்குகிற ஓட்டையாக இருக்கும், வெளியே கொடுக்கிற ஓட்டையாக இருக்காது.

கடையில் போய் கேட்டால், "அதெல்லாம் பழைய மாடல்ணே, இதுக்கு சேராது. சவுண்டு பார் எடுத்துக்கங்க" என்று பல ஆயிரம் ரூபாய்க்கு பில் போட்டு விடுகிறார்கள். நன்றாக பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிபயரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும் பழைய இரும்பு கடைக்கு எடைக்கு போகின்றன. தவணையில் டி.வி. வாங்கியவர் தலையில் இன்னொரு தவணை.

சேராது என்பது உண்மை அல்ல. இடையில் ஒரு சின்ன பெட்டி வேண்டும், அவ்வளவுதான்.

பழைய செட் மட்டமா?

சென்னை ரிச்சி தெருவிலும், மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் பார்ட்ஸ் வாங்கி உள்ளூர் மெக்கானிக்குகள் கையால் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிபயர்கள் தமிழ்நாடு முழுக்க வீடுகளில் ஓடுகின்றன. 5200, 1943 என்ற ஜோடி டிரான்சிஸ்டர் போட்ட செட் என்றால் பாட்டு கேட்பவர்களுக்கு தனி மரியாதை. எந்த பார்ட் போனாலும் பக்கத்து தெருவிலேயே மாற்றிக் கொள்ளலாம்.

சவுண்டு பாரில் போர்டு போனால் கதை வேறு. பெரிய மரப்பெட்டிக்குள் இருக்கும் 10 அங்குல, 12 அங்குல வூபர் தள்ளுகிற காற்றை மெல்லிய சவுண்டு பாரால் தள்ளவும் முடியாது. பாட்டு கேட்க பழைய செட்டே பல வீடுகளில் ஒரு படி மேல்.

சத்தம் எங்கே இருந்து வருகிறது?

ஒயர் வாங்க கிளம்பும் முன் இதை யோசிக்க வேண்டும். வீட்டில் கேபிள் அல்லது டி.டி.எச். சேனல் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றால் எதுவும் வாங்க வேண்டியதே இல்லை. பெரும்பாலான செட்-ஆப் பாக்ஸ்களின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டைகள் இருக்கும். படத்துக்கு எச்.டி.எம்.ஐ. ஒயரை டி.வி.க்கு கொடுத்துவிட்டு, சிவப்பையும் வெள்ளையையும் மட்டும் ஆம்ப்ளிபயருக்கு கொடுத்தால் போதும். டி.வி. சத்தத்தை பூஜ்யத்தில் வைத்துவிடலாம்.

சில சின்ன பாக்ஸ்களில் 3 ஓட்டைக்கு பதில் ஹெட்போன் ஓட்டை போல ஒன்றுதான் இருக்கும். அதற்கு பாக்சுடன் வந்த ஒயரையே போட வேண்டும். கடையில் கிடைக்கும் எல்லா ஒயரும் ஒன்று போல தெரிந்தாலும் உள் இணைப்பு வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். மாறிப்போனால் ஸ்பீக்கரில் பாட்டுக்கு பதில் 'கொர்ர்ர்' என்று சத்தம் வரும். ஆம்ப்ளிபயர் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் தூக்கிக் கொண்டு ஓடியவர்கள் உண்டு.

ஆனால் டி.வி.யிலேயே யூ டியூப், ஓ.டி.டி. படம் பார்க்கிற வீடு என்றால் இது உதவாது. அந்த சத்தம் டி.வி.க்குள்தான் பிறக்கிறது. செட்-ஆப் பாக்ஸ் ஒயரில் அது வராது. டி.வி.யில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

ஹெட்போன் ஓட்டை இருந்தால் அதிர்ஷ்டம்

முதலில் டி.வி. பக்கவாட்டில் ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா என்று தடவி பார்க்க வேண்டும். இருந்தால் ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பு-வெள்ளை பின் உள்ள ஒயர் வாங்கி ஆம்ப்ளிபயரில் 'ஆக்ஸ்' என்று எழுதிய இடத்தில் கொடுத்தால் வேலை முடிந்தது. டி.வி. சத்தத்தை முக்கால் அளவு வைத்துக்கொண்டு, மீதியை ஆம்ப்ளிபயரில் கூட்டிக் குறைத்துக் கொள்ளலாம். டி.வி.யில் ரொம்ப குறைத்து வைத்து ஆம்ப்ளிபயரை முழுக்க திருப்பினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

பழைய பெரிய கம்பெனி செட்டுகளில் 'போனோ' என்று ஒரு ஓட்டை இருக்கும். அது இசைத்தட்டு கருவிக்கு மட்டும். அதன் முள்ளில் இருந்து வரும் ரொம்ப சின்ன மின்சாரத்தை பெருக்குவதற்காக வைத்தது. அங்கே டி.வி.யை கொடுத்தால் சத்தம் உடைந்து, காதை கிழிக்கும்.

சிவப்பு ஒளி ஓட்டை

ஹெட்போன் ஓட்டையும் இல்லாத டி.வி.களில் 'ஆப்டிகல்' என்று எழுதிய சதுர ஓட்டை இருக்கும். சின்ன கதவு போட்டது போல மூடியிருக்கும். உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். இதில் போவது மின்சாரம் அல்ல, ஒளி. 1983-ம் ஆண்டு ஜப்பானின் தோஷிபா கம்பெனி கொண்டு வந்த முறை இது. இன்றும் மாறவில்லை.

இந்த ஒளியை பழைய ஆம்ப்ளிபயருக்கு புரிகிற மின் சத்தமாக மாற்ற ஒரு தீப்பெட்டி சைஸ் டப்பா போதும். 'டி.ஏ.சி.' அல்லது 'ஆப்டிகல் டு ஆடியோ கன்வெர்ட்டர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். சாதாரண டப்பா சில நூறு ரூபாய்தான். அதற்கு 5 வோல்ட் கரண்ட் வேண்டும். பழைய செல்போன் சார்ஜர் போதும். ஒருபக்கம் ஒளி ஒயர், மறுபக்கம் சிவப்பு-வெள்ளை.

எல்லாம் மாட்டிய பிறகும் சத்தம் வரவில்லையா? பெரும்பாலும் 2 காரணங்கள்தான்.

ஒன்று, புது ஒளி ஒயரின் 2 முனைகளிலும் சின்ன பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருக்கும். அதை கழற்றாமல் அழுத்தி சொருகி, ஓட்டையை உடைத்தவர்கள் பலர். ஒளி ஒயரை மடக்கி ஆணி அடிப்பதும் கூடாது. உள்ளே இழை உடைந்தால் ஒட்ட வைக்க முடியாது.

இன்னொன்றுதான் பலரை பாடாய் படுத்துவது. டி.வி. புது மாடல் என்பதால் டால்பி முறையில் சுருக்கிய சத்தத்தை அனுப்பும். விலை குறைந்த டப்பாவுக்கு அந்த பாஷை தெரியாது. ஒன்று ஊமையாக இருக்கும், இல்லை என்றால் 'கர கர' என்று கத்தும். 'டப்பா டூப்ளிகேட், ஏமாத்திட்டான்' என்று கடைக்காரரிடம் சண்டைக்கு போவதற்கு முன் ரிமோட்டை எடுக்க வேண்டும்.

செட்டிங்சில் 'சவுண்டு' பகுதிக்குள் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' அல்லது அது மாதிரி ஒரு வரி இருக்கும். அதில் 'ஆட்டோ', 'பிட்ஸ்ட்ரீம்', 'பாஸ் த்ரூ' என்று எது இருந்தாலும் மாற்றி 'பி.சி.எம்.' என்று வைக்க வேண்டும். உடனே பாடும். சில டி.வி.களில் 'சவுண்டு அவுட்புட்' என்ற இடத்தில் டி.வி. ஸ்பீக்கருக்கு பதில் 'ஆப்டிகல்' என்றும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பி.சி.எம். வைத்தால் 2 பக்க சத்தம்தான் வரும். 6 ஸ்பீக்கருக்கும் தனித்தனி சத்தம் வேண்டும் என்றால் ஆம்ப்ளிபயரில் 6 ஓட்டை இருக்க வேண்டும். டால்பியை பிரித்துக் கொடுக்கும் '5.1 டிகோடர்' பெட்டியும் வேண்டும். அது விலை கூடுதல். சீரியல், பாட்டு, செய்தி பார்க்கிற வீட்டுக்கு தேவையில்லாத செலவு.

ஆப்டிகல் ஓட்டையும் இல்லையென்றால்?

எச்.டி.எம்.ஐ. ஓட்டைகளில் ஒன்றின் பக்கத்தில் 'ஏ.ஆர்.சி.' என்று பொடி எழுத்தில் இருக்கும். 2009-ல் வந்த வசதி இது. அந்த ஒரு ஓட்டை மட்டும் சத்தத்தை வெளியேயும் அனுப்பும். இதற்கென்று 'ஏ.ஆர்.சி. கன்வெர்ட்டர்' என்று தனி டப்பா உண்டு. பக்கத்து ஓட்டையில் சொருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் சத்தம் வராது. செட்டிங்சில் 'சி.இ.சி.' என்பதையும் ஆன் செய்ய வேண்டும். இங்கேயும் பி.சி.எம். வைப்பதை மறக்கக் கூடாது.

புளூடூத் டப்பா போட்டால் ஒயரே வேண்டாம். பாட்டுக்கு நன்றாக இருக்கும். ஆனால் படத்தில் வாய் முதலில் அசையும், வசனம் பின்னால் வரும்.

இலவச டி.வி. இன்னும் ஓடுகிறதா?

2006-ம் ஆண்டு முதல் தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி. சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள புது பெட்டியை இதில் இணைக்கவும் டப்பா உண்டு. 'எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.' என்று எழுதியிருக்க வேண்டும். 'ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.' என்பதும் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். ஆனால் எதிர்த்திசையில் மட்டும் வேலை செய்யும்.

'ம்ம்ம்' என்று இரைகிறதா? உஷார்!

எல்லாம் சரியாக மாட்டிய பிறகு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று தேனீ கூடு மாதிரி இரைச்சல் கேட்டால் அது எர்த் தகராறு. டி.வி. ஒரு பிளக்கிலும், ஆம்ப்ளிபயர் வேறு சுவரில் உள்ள பிளக்கிலும் இருந்தால் இது வரும். கேபிள் ஒயர் வழியாகவும் வரும். செட்-ஆப் பாக்சில் இருந்து கேபிள் ஒயரை ஒரு நிமிடம் கழற்றி பார்த்தால் தெரிந்துவிடும். இரைச்சல் நின்றால் கேபிள்தான் காரணம்.

எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் மாட்டினால் பாதி குறையும். மீதிக்கு சிவப்பு-வெள்ளை ஒயரின் நடுவே மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்' விற்கிறது. ஒளி ஒயர் போட்டவர்களுக்கு இந்த தொல்லை குறைவு. டி.வி.க்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே மின் தொடர்பே இல்லை அல்லவா.

இரைச்சலை நிறுத்துகிறேன் என்று 3 பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து விடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. இதைவிட ஆபத்து வேறு இல்லை. உள்ளூரில் கட்டிய பல ஆம்ப்ளிபயர்களில் தகர உடம்பு, 2 பின் பிளக். உள்ளே டிரான்ஸ்பார்மர் பழசாகி கசிந்தால் அந்த கரண்ட் முழுக்க தகரத்தில் நிற்கும். இப்போது அதே ஒயர் புது டி.வி.க்கும் போகிறது. குழந்தை தொட்டால் என்ன ஆகும்?

தொடும்போது லேசாக சுர்ரென்று இழுத்தாலும் அந்த செட்டை அப்படியே நிறுத்திவிட்டு, மெக்கானிக்கிடம் கொடுத்து எர்த்துடன் 3 பின் பிளக் மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். எர்த் ஒயர் வீட்டு போர்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்து பார்ப்பதும் அவசியம். பல வீடுகளில் ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. ஆம்ப்ளிபயர் மூடியை நாமே திறக்கவும் கூடாது. பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கண்டன்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும்.

எந்த ஒயரையும் சொருகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்து பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். ஓடும்போது சொருகி டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. ஓட்டையை சுட்டுக்கொண்டால் போர்டு மாற்ற பெரிய செலவு ஆகிவிடும். இடி, மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றி வைக்க வேண்டும். கேபிள் வழியாக வரும் மின்னலுக்கு டி.வி., டப்பா, ஆம்ப்ளிபயர் எல்லாம் ஒன்றுதான்.

டப்பா வாங்க கடைக்கு கிளம்பும் முன் டி.வி.யின் பின்பக்கத்தையும், ஆம்ப்ளிபயரின் பின்பக்கத்தையும் எழுத்து தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்துக் கொள்ளலாம். கடைக்காரரிடம் அந்த 2 படங்களையும் காட்டி கேட்டால் தேவையில்லாத டப்பாவை தலையில் கட்ட முடியாது.