நன்னியின் முகத்தைப் பார்க்க ஒரு கடவுச்சீட்டு

2013இல் ஒரு நாள், சுபஹ் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. நீலகிரி மாவட்டம் பந்தலூரிலிருந்து மாமா பேசினார். "நன்னி சாப்பாட்டை விட்டு மூணு நாளாச்சுப்பா. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டார். அக்காவை எப்படியாவது கூட்டிட்டு வா."

அக்கா என்று அவர் சொன்னது என் உம்மாவை. ஹட்டனில் எங்கள் வீட்டில் கடவுச்சீட்டு இருந்தது எனக்கு மட்டும்தான். கட்டாருக்கு வேலைக்குப் போனபோது எடுத்தது. உம்மாவுக்கு அறுபது வயதாகியும் கடவுச்சீட்டு இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நன்னியிடம் இருந்ததோ சில நாட்கள்.

மலையகத்தில் ஏராளமான குடும்பங்களுக்கு இப்படி ஒரு நன்னியோ பாட்டியோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அது எப்படி நேர்ந்தது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவர்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருக்கும். பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது?

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். அந்தப் பெயரே காட்டுவதுபோல, இது தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களை மட்டும் தொட்ட சட்டமல்ல. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை கடைத்தெருக்களில் தமிழகத்திலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களும் இதே வரிசையில்தான் நின்றார்கள். தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த முன்னணித் தலைவர்களில் ஒருவர் அப்துல் அஸீஸ் என்ற முஸ்லிம் என்பதையும் நம்மவர்கள் மறந்துவிடக் கூடாது.

அந்தச் சட்டத்தின்படி, திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன்னர் 7 வருடங்களும், திருமணமாகாதவர் 10 வருடங்களும் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். கப்பலில் ஊருக்குப் போய், படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்து, அடக்கி, சொத்துபத்தைத் தீர்த்துவிட்டுத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களும் இருந்தார்கள். நோயாளியை நலம் விசாரிப்பதும், இரத்த உறவைப் பேணுவதும், ஜனாஸாவில் கலந்துகொள்வதும் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த கடமைகள். அந்தக் கடமையை நிறைவேற்றப் போன பயணமே, "இவர் இந்த நாட்டுக்காரர் இல்லை" என்று சொல்வதற்கு ஆதாரமாகியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டு, சுமார் 134,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

மிச்சமிருந்தவர்களை என்ன செய்வது என்று 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் நன்னா டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கடையில் கணக்கு எழுதியவர். அவருக்கு இந்தியா என்று வந்தது. அதற்கு முந்திய வருடம்தான் உம்மாவை, பிரஜாவுரிமை கிடைத்திருந்த என் வாப்பாவுக்கு நிக்காஹ் செய்து கொடுத்திருந்தார்கள். 1972இல் நன்னாவும் நன்னியும் மற்றப் பிள்ளைகளும் ஹட்டனில் கோச்சி ஏறினார்கள். உம்மா மேடையில் நின்றார். தலைமன்னாருக்குப் போன அந்த இரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

அங்கே போனவர்களில் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். டிக்கோயாவில் ஒரு நாளும் கொழுந்துக் கூடை சுமக்காத நன்னி, பந்தலூரில் கூடை சுமந்தார். இங்கே 'இந்தியாக்காரர்' என்றவர்களை அங்கே 'சிலோன்காரர்' என்றார்கள்.

ஆரம்பத்தில் கப்பலாவது இருந்தது. யுத்தம் தொடங்கியதும் 1980களின் நடுப்பகுதியில் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் இங்கிருந்த பெரும்பாலானோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியது. ஆனால் சட்டம் பிரஜாவுரிமையைக் கொடுத்ததே தவிர, பழைய பத்திரங்களில் இருந்த பிழைகளைத் திருத்தவில்லை. உம்மா மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

நான் தனியாகத்தான் போனேன். கொழும்பிலிருந்து திருச்சி, அங்கிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் என்று ஒரு பகலும் ஒரு இரவும். பந்தலூரில் இறங்கினால் அதே குளிர், அதே தேயிலை, அதே தகரக் கூரை. ஹட்டனிலேயே வேறொரு தோட்டத்துக்கு வந்ததுபோல் இருந்தது.

நன்னிக்கு நினைவு வந்து வந்து போனது. என்னைப் பார்த்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "உம்மா பின்னால வருதா?" என்றார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் உம்மாவை எடுத்து நன்னியின் காதில் வைத்தேன். உம்மா அழவில்லை, யாஸீன் ஓதினார். முடியும்வரை நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அஸருக்கு முன் நன்னி வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

உம்மாவுக்காகவும் சேர்த்துக் கபுரில் மூன்று பிடி மண் போட்டேன். ஹட்டனில் உம்மா காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுதார். ஷாபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. நஜ்ஜாஷி மன்னருக்காக நபி (ஸல்) அவர்கள் தொழுததை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 41 வருடம் தாயைக் காணாத ஒரு மகளுக்கு அந்தத் தொழுகை மட்டும்தான் மிஞ்சியது.

சட்டத்தையும் யுத்தத்தையும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. யுத்தம் 2009இல் முடிந்தது. நான் கட்டாரில் உழைத்தேன், வீட்டுக்கு மேல்மாடி கட்டினேன். உம்மாவின் பெயரைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கு நாலு தடவை நடக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உம்மா ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் மலையகத்து உறவுகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் உம்மா, வாப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் இந்த வாரமே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரிலோ பிறந்த திகதியிலோ ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் கேட்டுத் திருத்த வேலையைத் தொடங்குங்கள். பிறப்பே பதியப்படாமல் இருந்தால், உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரியுங்கள். கடவுச்சீட்டை எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருந்தால், காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவுக்கு விசாவை இப்போது இணையத்திலேயே கேட்கலாம். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. வழி இருக்கிறது, பத்திரம்தான் கையில் இருக்க வேண்டும்.

உறவுகளைப் பார்க்க மௌத்துச் செய்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசக்கூடிய காலத்திலேயே போய்விட்டு வாருங்கள். என் நன்னியின் கபுரை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. பிரிந்திருக்கும் உறவுகளை இந்த உலகத்திலேயே சேர்த்து வைப்பானாக. ஆமீன்.