உப்பு ஏற்றும் வேனைக் கழுவும் முறை

பல கடைகளில் உப்பு மூட்டை இறக்கியதும் வேனைக் கூட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சிந்திய உப்பு தானே கசியும். அந்த உப்புநீர்தான் தரைத் தகட்டை அரிக்கிறது. ஆகவே அன்று மாலையே நல்ல தண்ணீர் விட்டுத் தரையையும் அடிப்பாகத்தையும் கழுவுங்கள். கதவின் அடியிலுள்ள துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

வெளிப்புறத்தில் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓட்டவேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் மண் பெயிண்டைக் கீறும். பிறகு கார் ஷாம்பு, மேலிருந்து கீழாக. நாம் விற்கும் சோப்புத்தூள் வேண்டாம், மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும். வெயிலில் கழுவினால் போர் தண்ணீர் வெள்ளைத் திட்டாகப் படியும். நிழலில் நிறுத்தி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தரை நன்றாக உலர்ந்தபின் தார்ப்பாய் விரித்து அடுத்த லோடு ஏற்றலாம்.